மச்சானுக்கு நான் எழுதிய அலிபி

மார்ச் 4, திங்கள்

காலையிலேயே வெயில். மாசி முடியவில்லை, அதற்குள் ரோட்டில் கால் வைக்க முடியவில்லை. குழாயில் தண்ணீர் இல்லை. காபி கிளப்பில் முந்தாநாள் மாவில் இட்லி. சட்னியில் ஒரு முடி. எடுத்துக் காட்டினால் கிளப்காரர் தன் வழுக்கையைத் தடவிக் காட்டுகிறார்: "நம்மளுது இல்லண்ணே."

புதுமண்டபத்துப் பழைய புத்தகக் கடையில் வாங்கியது, ஐந்தாவது இங்கிலீஷ் துப்பறியும் நாவல், எழுபது பக்கம் ஆயிற்று. அட்டையில் எவர் தலை எண்ணெயோ. நாற்பதாம் பக்கத்தில் நசுக்கிய கொசு. முன்னால் படித்த மகான் எவனோ பன்னிரண்டாம் பக்கத்திலேயே தோட்டக்காரன் பெயருக்கு அடியில் கோடு போட்டு, 'இவன்தான் கொலைகாரன்' என்று தமிழில் எழுதிவைத்திருக்கிறான். கையெழுத்து வேறு மணிமணியாக. தூ.

ஆனாலும் விடவில்லை. கதைக்காகவா படிக்கிறேன்? சொல்லுக்காக. வக்கீல் ஆபீஸில் நாலு வருஷம், இன்னும் நகல் எடுக்கிற வேலை. இங்கிலீஷில் சொந்தமாக மனு எழுதத் தெரிந்தவனைத்தான் வக்கீல் ஐயா பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். நான் 'ஏய்'. மிஷன் ஹாஸ்டலில் கற்ற இங்கிலீஷ் முழுக்க ஜெபமும் நல்லொழுக்கமும். அதை வைத்துக்கொண்டு கோர்ட்டில் என்ன செய்ய?

முறை: நாளைக்குப் பத்துச் சொல். பழைய கோர்ட்டுத் தாளின் பின்பக்கத்தில் எழுதுவது. ஒவ்வொன்றையும் அன்றைக்குள் ஒரு தடவை வாயால் சொல்லிவிடுவது.

இன்று: கார்ப்ஸ் – பிணம். டாகர் – குத்துவாள். மோட்டிவ் – எதற்காகச் செய்தான் என்பது. சினிஸ்டர் – பார்த்தாலே வயிற்றைக் கலக்குவது. அலிபி – குற்றம் நடந்த நேரத்தில் ஆள் வேறிடத்தில் இருந்தான் என்று காட்டுவது. மற்ற ஐந்தும் விஷங்களின் பெயர்.

ஹெட் கிளார்க்கின் மூக்குப்பொடிக் கைக்குட்டையைப் பார்த்து 'சினிஸ்டர்' என்றேன். தேங்க்ஸ் என்றார்.


மார்ச் 6, புதன்

வெயில். மூட்டைப்பூச்சி. பாயை மொட்டைமாடியில் உதறிப் போட்டேன். பக்கத்து வீட்டம்மாள், "எங்க பக்கம் ஏன்யா உதறுற?" நியாயம்தான். எந்தப் பக்கம் உதற?

நாவல் முடிந்தது. கொலைகாரன் தோட்டக்காரனேதான். இந்த இங்கிலீஷ்காரர்களின் கதையில் எனக்கு ஆறவே ஆறாதது ஒன்று: அடுத்த அறையில் பிணம் கிடக்கிறது, இவர்கள் ரொட்டியில் வெண்ணெய் தடவித் தின்கிறார்கள். ஒருவரும் குளிப்பதில்லை. ஒப்பாரி கிடையாது. செத்தவரின் மகள் மூன்றாம் நாள் டென்னிஸ் ஆடுகிறாள்.

இன்னொன்று. திருடன் வருகிற இடத்திலெல்லாம் அதே அடையாளம்: குறுகின நெற்றி, கூடின புருவம், கறுத்த முகம். கண்ணாடியில் பார்த்துக்கொண்டேன். புருவம் கூடித்தான் இருக்கிறது. எங்கள் ஊரில் பாதிப்பேருக்கு அப்படித்தான். அருவருப்பாக இருந்தது, புத்தகத்தின் மேலா முகத்தின் மேலா என்று சொல்ல முடியவில்லை.

டைப்பிஸ்ட் ஞானமுத்து என் தாள்களைப் பார்த்துவிட்டான். என்னோடு ஹாஸ்டலில் இருந்தவன், ஆபீஸில் நான் உசிலம்பட்டிப் பக்கம் என்று தெரிந்தவன் அவன் ஒருவன்தான். "மாப்ள, விஷத்துக்கு ஒன்பது பேரு எழுதியிருக்க. கம்மாய்க்கு என்னா இங்கிலீசு? வைக்கப்படப்புக்கு?" தெரியவில்லை. ஒரு நாவலிலும் கண்மாயும் வரவில்லை, வைக்கோல் போரும் வரவில்லை.


மார்ச் 9, சனி

அக்கா வந்தாள்.

ரூமுக்கு வெளியே சந்தில் நிற்கிறாள், புழுதிக் காலோடு. நான் முதலில் நினைத்தது: பக்கத்து வீட்டம்மாள் பார்த்துவிடுவாளோ. இதை எழுதவே கூசுகிறது. எழுதிவிட்டேன்.

விஷயம் இதுதான். செவ்வாய்க்கிழமை பொழுது சாய்கிற நேரத்தில் பக்கத்து ஊர் வெள்ளைச்சாமியின் உழவு மாடு இரண்டு களவு போயின. எங்கள் பக்கம் மாடு போனால் யாரும் முதலில் போலீசுக்குப் போவதில்லை. நாலு ஊர் சுற்றுகிற, நாலு பேரைத் தெரிந்த ஆளிடம் 'துப்பு விசாரி' என்று சொல்லிவிடுவார்கள். அக்கா வீட்டுக்காரர், மச்சான் மாயாண்டி, மாட்டுவண்டி ஓட்டுகிறவர், எல்லா ஊரும் தெரியும். வெள்ளைச்சாமி அவரிடம் சொன்னார். மச்சான் மூன்று நாள் அலைந்து, ஓர் ஓடைக்குள் மாடு கட்டிக் கிடப்பதைக் கண்டுபிடித்து, நேற்றுக் காலை ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறார். வழியில் போலீஸ். மாடு கையில். வேறென்ன வேண்டும்?

ஜாமீனில் விட்டிருக்கிறார்கள். பத்தொன்பதாம் தேதி வெள்ளைக்காரத் துரை இந்த மாதிரிக் கேஸ்களை விசாரிக்க எங்கள் பக்கம் கேம்ப் வருகிறார். அவர் நம்பாவிட்டால் மச்சான் பெயரைத் திரும்ப ரேகைப் புத்தகத்தில் ஏற்றிவிடுவார்கள்.

ரேகைச் சட்டம். எங்கள் பக்கத்து ஆண்பிள்ளைகளில் பெரும்பாலோர் குற்றம் செய்தாலும் செய்யாவிட்டாலும் பத்து விரலையும் மையில் உருட்டிக் கொடுக்க வேண்டும். இருட்டினால் ஸ்டேஷனில் போய்ப் படுக்க வேண்டும். சீட்டில்லாமல் ஊர் எல்லை தாண்டக் கூடாது. மச்சானின் நடத்தை சரி என்று மூன்று வருஷத்துக்கு முன் பெயரை அடித்தார்கள். அதனால்தான் ராத்திரிப் பாரம் ஏற்றி மதுரைக்கு வண்டி ஓட்ட முடிகிறது. திரும்ப ஏற்றினால் வண்டி இல்லை, சோறும் இல்லை.

அக்கா சொன்னது: "வக்கீல் ஆபீசுல இருக்க, அம்புட்டு இங்கிலீசு படிச்சிருக்க. துரை நேரா படிக்கிற மாதிரி ஒரு மனு எழுதிக் குடு தம்பி. மாட்டுக்காரரும் வந்து சொல்றேன்னுருக்காரு."

"செவ்வாக்கெழம சாயங்காலம் மச்சான் எங்க இருந்தாரு?"

"நான் எங்கத்த வீட்டுக்குப் போயிட்டேன். எனக்கென்ன தெரியும்? அவருட்டயே கேளு."

நாளைக்கு ஞாயிற்றுக்கிழமைதானே, வாரேன், கேட்கிறேன் என்றேன். அக்கா மடியிலிருந்து பொரிவிளங்காய் உருண்டை எடுத்து வைத்துவிட்டுப் போனாள்.


மார்ச் 10, ஞாயிறு

போகவில்லை.

காரணம் எழுதுகிறேன், பொய் சொல்லாமல். ரயிலுக்குக் கிளம்பிச் சட்டை போட்டாயிற்று. ஆறாவது நாவலில் நாற்பது பக்கம் பாக்கி. முடித்துவிட்டு அடுத்த வண்டிக்குப் போகலாம் என்று உட்கார்ந்தேன். முடித்தபோது அடுத்த வண்டியும் போய்விட்டது. ஊருக்குப் போனால் எல்லாரும் வந்து சூழ்ந்துகொள்வார்கள், ஆளாளுக்கு ஒரு மனு கேட்பார்கள், ஆட்டுப் புழுக்கை வாசனையில் ராத்திரி படுக்க வேண்டும். இதுவும் காரணம்.

ஆனால் நாவல் பிரமாதம். ஒருத்தன் கையில் திருட்டு நகை. எல்லாரும் அவனைத்தான் சொல்கிறார்கள். அவன் உண்மையைச் சொல்கிறான், எவனும் நம்பவில்லை. கடைசியில் ரயில் டைம்டேபிளை மேஜைமேல் விரித்து, இத்தனை மணி இத்தனை நிமிஷத்துக்கு அவன் வேறு ஊரில் இருந்தான் என்று துப்பறிகிறவர் காட்டுகிறார். அவ்வளவுதான். எல்லார் வாயும் அடைத்துவிட்டது.

பொருளோடு பிடிபட்டவனை உண்மை காப்பாற்றாது. அலிபிதான் காப்பாற்றும். மச்சானுக்கு அதைத்தான் எழுத வேண்டும்.

மாட்டுக்காரர் சாட்சி? 'துப்பு விசாரிக்கச் சொன்னேன்' என்று அவர் சொல்லி, அதைத் துரைக்கு எவன் புரியவைப்பது? மூன்றாவது நாவலில் பொருளைப் பறிகொடுத்தவனே திருடன். வேண்டாம்.


மார்ச் 12, செவ்வாய்

எழுதிவிட்டேன். மூன்று பக்கம். வக்கீல் ஐயா கோர்ட்டுக்குப் போனபின் ஞானமுத்து டைப் அடித்தான், கார்பன் வைத்து.

மனுப்படி, மச்சான் மாயாண்டி போன செவ்வாய்க்கிழமை மூன்று ஐம்பதுக்கு உசிலம்பட்டியில் ரயிலேறினார். ஐந்து இருபதுக்கு மதுரையில் இறங்கினார். ஸ்டேஷனில் நான் காத்திருந்தேன். ஆறு ஐந்திலிருந்து ஏழு பத்துவரை வண்டியூர்த் தெப்பக்குளத்துப் படியில் உட்கார்ந்து குடும்ப விஷயம் பேசினோம். வானத்தில் சினிஸ்டரான ஒரு மேகம். ராத்திரி என் ரூமில் படுத்துக் காலை வண்டிக்குத் திரும்பினார். மோட்டிவ் எங்கே என்று ஒரு பாரா தனியாக. எங்கும் இடறல் இல்லை. நானே சாட்சி, கையெழுத்தோடு.

மச்சான் ஆயுசில் ரயில் ஏறினதில்லை. துரைக்குத் தெரியவா போகிறது.

ஞானமுத்து பாதியில் கையை எடுத்துவிட்டான். "மனுன்னா தாழ்மையா விண்ணப்பம் பண்ணிக்கிறேன்னு ஆரம்பிக்கணும். நீ மேகத்துல ஆரம்பிக்கிற."

"அதெல்லாம் பழைய பாணி."

"போன செவ்வாக்கெழம நீ என்கூடத்தானடா கணக்குத் தாள் கட்டிக்கிட்டிருந்த? உங்க மச்சான் நெசமா எங்க இருந்தாருன்னு அவருட்டக் கேட்டியா?"

டைப் அடி, போதும் என்றேன். அடித்தான். பொறாமைக்காரன் என்று நினைத்துக்கொண்டேன்.

திரும்பத் திரும்பப் படித்துப் பார்த்தேன். என் இங்கிலீஷ் என்று நம்ப முடியவில்லை. எட்டு மாதத்தில் சேர்த்த சொல் அத்தனையும் உள்ளே.


மார்ச் 14, வியாழன்

காளவாசலில் மச்சானைப் பார்த்தேன். வண்டியில் பருத்திப் பொதி. செங்கல் சூளைப் புகை மூக்கை அறுத்தது. ரோட்டோரச் சாக்கடையில் பன்றி. மச்சான் மட்டும் சிரித்துக்கொண்டு வந்தார், கல்யாண வீட்டுக்கு வந்தவர் போல.

"மாப்ள, எளச்சுட்டியே. சாப்புடுறியா இல்லியா?"

மனுவைக் கையில் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். எந்தப் பக்கம் தலை என்று தெரியவில்லை. நான் திருப்பிக் கொடுத்தேன்.

"அன்னிக்கி சாயங்காலம் என்னாச்சுன்னா மாப்ள, நான் வெள்ளச்சாமி ஊருப் பக்கமா..."

"எல்லாம் எழுதியாச்சு மச்சான். ரேகைய மட்டும் வையிங்க."

"என்னா எழுதியிருக்க?"

"ஒங்களக் காப்பாத்துறதுதான். இது துரைமாருக்குப் புரியிற பாசை."

மை டப்பாவில் பெருவிரலைத் தோய்த்துக்கொண்டே சொன்னார்: "இம்புட்டு நாளும் அவுங்க காயிதத்துல உருட்டுனேன். இது நம்ம காயிதம்ல." மெதுவாக, விரல் அலுங்காமல் வைத்தார். அவ்வளவு சுத்தமான ரேகையை எந்தப் பத்திரத்திலும் நான் பார்த்ததில்லை.

இன்றைய சொற்கள்: எழுதவில்லை. ஆபீஸில் நகல் பாக்கி.


மார்ச் 19, செவ்வாய்

எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன்.

லீவு போட்டுவிட்டுப் போனேன். புளியந்தோப்பில் கூடாரம். பிடிபட்டவர்கள், அவர்கள் பெண்டுபிள்ளைகள், ஈ. வெயிலில் உட்கார்ந்து கூடாரத்தையே பார்த்துக்கொண்டு. மச்சான் வெள்ளை வேட்டி கட்டியிருந்தார். வெள்ளைச்சாமியும் வந்திருந்தார், பெரிய ஆகிருதி, மெதுவாகப் பேசுகிறவர். என்னைப் பார்த்து, "படிச்ச மச்சினன் நீங்கதானா?" என்று கும்பிட்டார்.

துரை மனுவைப் படித்துச் சிரித்தார். யார் எழுதியது என்றார். முன்னால் போய் நின்றேன். கப்பலில் வரும்போது தான் படிக்கிற புத்தகம் மாதிரியே இருக்கிறதாம். என் காது சூடாயிற்று. சந்தோஷத்தில்தான். அதையும் எழுதி வைக்கிறேன், தண்டனையாக.

பிறகு வெள்ளைச்சாமியைக் கூப்பிட்டார்கள். மொழிபெயர்க்கிற குமாஸ்தா கேட்கக் கேட்கச் சொன்னார்.

"சாமி, மாடு போனது செவ்வாக்கெழம பொழுதடையுற நேரம். கட்டுத்தறியில மாட்டக் காணோம்னு கத்துனேன். மொத ஆளா ஓடி வந்தவன் இந்த மாயாண்டிதான். எங்க ஊருக்கு வைக்கோல் ஏத்த வந்தவன், வண்டிய அப்புடியே போட்டுட்டு ஓடியாந்தான். என்கூடவே பந்தம் புடிச்சுத் தேடுனான். அவன் எப்புடிச் சாமி களவாண்டுருப்பான்? நான்தான் அவனத் துப்பு விசாரிக்கச் சொன்னேன்."

கேட்க வேண்டிய அத்தனையும் அதில் இருந்தது. மச்சானுக்கு அலிபி இருந்தது. மாட்டுக்குச் சொந்தக்காரனே அலிபி. நான் காளவாசலில் வாயை மூடிக்கொண்டு இரண்டு நிமிஷம் நின்றிருந்தால் என் காதில் விழுந்திருக்கும்.

துரை சிரிப்பை நிறுத்திவிட்டார். மனுவை எடுத்தார், வெள்ளைச்சாமியைப் பார்த்தார். குமாஸ்தா திருப்பிச் சொன்னார்: "காயிதத்துல நீ அந்நேரம் மதுரையில இருந்ததா இருக்கு. இந்த ஆளு நீ இங்க இருந்ததாச் சொல்றாரு. ஒன்னு பொய். காயிதம் பொய்யின்னா எழுதிச் சாட்சி போட்டவன் மேல கேசு. எது நெசம்? நீயே சொல்லு."

மச்சானுக்கு அப்போதுதான் மனுவில் என்ன இருக்கிறது என்றே தெரிந்தது. என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் நான் வாயைத் திறந்திருப்பேனோ என்னவோ. 'இதத்தான் எழுதுனியா?' என்று கேட்கிற மாதிரிதான் பார்த்தார்.

நான் நின்றேன். நாக்கில் ஒரு சொல் வரவில்லை. இங்கிலீஷிலும் இல்லை, தமிழிலும் இல்லை.

"எம் மாப்ள எழுதுனதுதான் நெசம் சாமி. நான் மதுரைக்குப் போயிருந்தேன்."

வெள்ளைச்சாமி திரும்பினார். "ஏன்டா மாயாண்டி, அப்ப நான் பொய் சொல்றனா? என் மாட்டுக்காகவாடா நான் பொய் சொல்லணும்?" மச்சான் தலையை நிமிர்த்தவே இல்லை.

அரைமணி ஆகவில்லை. களவு மாடு கையில், மாட்டுக்காரனோடு கூட்டுச் சேர்ந்து பொய்ச் சாட்சி, நடத்தை சரியில்லை. பெயர் ஏறிவிட்டது. மேஜையில் உட்காரவைத்துப் பத்து விரலையும் உருட்டினார்கள். உருட்டினவன் மணிக்கட்டைப் பிடித்த பிடி, செத்த கோழியின் காலைப் பிடிக்கிற பிடி.

வெளியே அக்கா. உள்ளே நடந்தது பாதிதான் அவள் காதில் விழுந்திருக்கிறது. வெள்ளைச்சாமி ஏதோ மாற்றிச் சொல்லிவிட்டார், அதனால் போச்சு என்று. கீழே குனிந்து மண்ணை வாரி அவர்மேல் தூற்றினாள். "நம்ப வச்சு அறுத்தியே! ஒன் மாடு ரெண்டும் மண்ணாப் போக!" அவர் தோள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு தன் வண்டியை நோக்கி நடந்தார். நான் அக்காவின் கையைப் பிடித்து, அவரில்லை, நான்தான் என்று சொல்லியிருக்க வேண்டும். கையைப் பிடித்தேன். அது மட்டும்தான்.

மச்சான் வேப்பிலையைக் கசக்கி விரலைத் தேய்த்துக்கொண்டிருந்தார். "அவளுட்ட ஒன்னும் சொல்லாத மாப்ள. நீ உத்தியோகத்துல இருக்கவன். ஒம் பேரு கெட்டா நம்ம சனத்துல ஒருத்தன் மேல வந்தான்னு சொல்ல ஆளில்லாமப் போகும்." கொஞ்சம் கழித்து: "வெள்ளச்சாமி மூஞ்சியிலதான் இனி எப்புடி முழிப்பேன்னு தெரியல."

ரயிலில் ஜன்னலோரம் கிடைத்தது. வாந்தி எடுத்தேன்.


மார்ச் 20, புதன்

ஜுரம் என்று சொல்லி ஆபீஸ் போகவில்லை. ஜுரமும் இல்லை, ஒன்றும் இல்லை.

சாயந்தரம் அக்கா வீட்டு வாசலில் மாடு பூட்டாமல் வண்டி நிற்கும். மச்சான் துப்பட்டியை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு நடந்திருப்பார். அங்கே வரிசையாக உட்காரவைத்துப் பெயர் கூப்பிடுவார்கள். அவர் 'ஆஜர்' என்பார். நினைத்தால் உடம்பெல்லாம் அரிக்கிறது. மூன்று தடவை குளித்தேன். என் மேலேயே எனக்கு நாறுகிறது.

மனப்பாடம் ஆன சொற்கள் போகமாட்டேன் என்கின்றன. சோறு பிசையும்போது வருகிறது: கில்ட்டி, அக்கம்ப்ளிஸ், கவர்ட். குற்றவாளி. உடந்தை. கோழை. கோழை நானே தேடி எழுதிக்கொண்ட சொல். முப்பத்தொன்றாம் தாள், நாலாவது வரி.

முடிவு செய்துவிட்டேன். துரை வெள்ளிக்கிழமை வரைக்கும் அங்கேதான் கேம்ப். போய், மனு முழுக்க என் கற்பனை, அவருக்கு அதில் என்ன இருக்கிறது என்றே தெரியாது, வெள்ளைச்சாமி சொன்னதுதான் உண்மை என்று சொல்லிவிடப் போகிறேன். கேஸ் போடட்டும். வேலை போகட்டும். நாளைக்கு ஆபீஸில் விசாரணைக் கட்டு ஒன்று கொடுத்தாக வேண்டும். நாளை மறுநாள் காலையில் லீவு கேட்டுப் பகல் வண்டிக்குப் போகிறேன்.

இதை எழுதினபின் கொஞ்சம் கஞ்சி இறங்கிற்று.


மார்ச் 22, வெள்ளி

பத்து மணிக்கு லீவுக் கடுதாசியோடு வக்கீல் ஐயா அறைக்குப் போனேன். நல்ல சட்டை போட்டிருந்தேன், துரை முன்னால் நிற்க வேண்டுமே என்று.

அவர் மேஜைமேல் என் மனுவின் கார்பன் நகல். ஞானமுத்துவின் டிராயரில் ஏதோ தேடும்போது அகப்பட்டதாம்.

"இது நீ எழுதியதா?"

ஆமாம் என்றேன். நல்லது, இவரே துரத்திவிடட்டும், எல்லாம் ஒரே நாளில் முடியட்டும் என்று நினைத்தேன்.

"என்ன ஆயிற்று?"

"தள்ளிவிட்டார்கள் ஐயா."

"போகட்டும். மனு என்றால் பத்தில் ஏழு தள்ளுபடிதான். ஆனால் பாஷை இருக்கிறதே..." என்று இரண்டாம் பக்கத்தைத் திருப்பி, தெப்பக்குளத்துப் படி வருகிற பாராவைச் சத்தமாக வாசித்தார். ஹெட் கிளார்க்கைக் கூப்பிட்டு இன்னொரு தடவை வாசித்தார். பிறகு என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். திங்கட்கிழமையிலிருந்து கிரிமினல் மனு அத்தனையும் நான்தான் எழுத வேண்டுமாம். நகல் வேலைக்கு வேறு ஆள்.

ஹெட் கிளார்க் முதுகில் தட்டினார். வாசல் பக்கம் ஞானமுத்து நின்றான். என்னைப் பார்க்காமல் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தான். பகல் வண்டிக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது.

"நீ ஏதோ கேட்க வந்தாயே, என்ன?" என்றார் வக்கீல் ஐயா.

"ஒன்றுமில்லை ஐயா" என்றேன்.